மறுமொழி: சருகுக் குரம்பையா, சருகுக்கூடா?

நண்பர்களே, வணக்கம்.

காட்டில் ஒதுங்குவது பற்றி நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், ஆங்கில 'டெப்ரி ஹட்'டுக்குப் போன வாரம் 'சருகுக் குரம்பை' என்ற சொல்லை முன்வைத்தவன் நான்தான். குரம்பை என்றால் சிறு குடில். அதை விட்டுவிட்டு 'சருகுக்கூடு' என்றே வைத்துக்கொள்வோம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காட்டில் வழி தவறி, கூடாரமோ போர்வையோ இல்லாமல் குளிர் இரவில் மாட்டிக்கொண்டவர், கத்திகூட இல்லாமல் கட்டிக்கொள்ளக்கூடிய ஒன்று இது. ஆங்கிலத்தில் டெப்ரி ஹட் என்கிறார்கள். ஓக், மேப்பிள் இலைகள் கொட்டிக் கிடக்கும் வட அமெரிக்கக் கிழக்குப் பகுதிக் காடுகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமான கழி ஒன்றின் ஒரு முனையை இடுப்பளவு உயரத்தில் கவைக்கம்பின் மேல் வைத்து, மறுமுனையைத் தரையில் ஊன்ற வேண்டும். இரு பக்கமும் குச்சிகளைச் சாய்த்து, அதன் மேல் சுள்ளிகளைப் பரப்பி, சருகை அள்ளிக் கொட்ட வேண்டும். கொட்டிய சருகுக்குள் கையை விட்டால் தோள்வரை போக வேண்டும். 2 முதல் 3 அடி கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெப்ரி என்றால் இடிபாடு, குப்பை என்று அகராதியில் பார்த்து ஒருவர் தந்த 'இடிபாட்டுக் குடிசை' வேண்டாம். காட்டில் எதுவும் இடிந்து விழவில்லை. 'குப்பைக் குடிசை'யும் வேண்டாம்.

'செத்தை' என்ற யோசனைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. காய்ந்த இலை, புல், சுள்ளி எல்லாம் கலந்து கிடப்பதை எங்கள் ஊரில் செத்தை என்றுதான் சொல்வோம். ஆங்கிலச் சொல் குறிப்பதும் அதையேதான். ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருந்ததை மறுக்க முடியவில்லை. அங்கே செத்தை என்றால் கிடுகாலோ (பின்னிய தென்னோலை) பனையோலையாலோ கட்டிய மறைப்பு. அது மெல்லியது. இந்தக் குடிலிலோ கனத்தில்தான் உயிரே இருக்கிறது. மெல்லிய மறைப்பை நினைவூட்டும் சொல்லை இதற்கு வைப்பது ஆபத்து. அதனால் முதல் பாதி 'சருகு' என்றே இருக்கட்டும்.

சரி, குரம்பைக்கு வருகிறேன். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேட்டுவரின் குடிலைப் பற்றி 'ஈத்திலை வேய்ந்த எய்ப்புறக் குரம்பை' என்று ஒரு வரி வருகிறது. ஈச்சமர இலையால் வேய்ந்து, முள்ளம்பன்றியின் முதுகுபோலத் தோன்றும் குடில். நாலாபுறமும் குச்சி துருத்திக்கொண்டு நிற்கும் டெப்ரி ஹட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை சட்டென்று பிடிபடும். அதற்குள் மான்தோல் படுக்கை இருந்ததாகவும் அந்தப் பாட்டு சொல்கிறது. இத்தனை பொருத்தத்தைப் பார்த்த மகிழ்ச்சியில்தான் அந்தச் சொல்லைப் பரிந்துரைத்தேன்.

மனம் மாறியதற்குக் காரணம் இந்த நவம்பரில் பென்சில்வேனியாவின் ஓக் காட்டில் கழித்த இரண்டு இரவுகள். பயிற்சிக்காகப் போயிருந்தேன். முதல் நாள், உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரத்துக்குக் கட்டினேன். மேலே சருகு ஒரு முழம்கூட இல்லை. தரையில் இரண்டு கை சருகைப் பரப்பிவிட்டுப் படுத்தேன். நள்ளிரவுக்குள் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. குளிர் மேலிருந்து வரவில்லை, தரை வழியாக முதுகுக்குள் இறங்கியது. அந்தப் பெரிய வெற்றிடத்தைச் சூடாக்க என் ஒருவன் உடல் போதவில்லை. மறுநாள் அதையே பிரித்து, புரண்டு படுக்க மட்டும் இடம் வைத்துக் குறுக்கினேன். உள்ளே சருகைத் திணித்து, அதன் மேல் படுத்து அமுக்கி, மீண்டும் திணித்தேன். கால் பக்கமாக நுழைந்து, வாசலைச் சருகு மூட்டையால் அடைத்துக்கொண்டேன். விடியும்வரை தூங்கினேன்.

அப்போதுதான் தோன்றியது, இது குடில் இல்லை, கூடு. அணில் தன் உடம்பளவுக்கு இலையையும் குச்சியையும் சுருட்டிக் கட்டுகிறதே, அதே வேலை. அடுப்பு கிடையாது, உள்ளே தீ மூட்டவே கூடாது. சூடு தருவது உடம்பு, அதைப் பிடித்துவைப்பது சருகுகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. 'குடில்', 'குடிசை' என்று படிப்பவர் நான் செய்த தவறையே செய்வார், நிமிர்ந்து உட்கார இடம் வைப்பார். 'கூடு' என்றால் சின்னதாகத்தான் கட்டத் தோன்றும். குரம்பைக்கு உடல் என்ற பொருளும் உண்டு என்று முன்பு வாதாடினேன். அந்தப் பொருள் கூட்டுக்கும் உண்டு, அதுவும் இன்றைக்கும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. குளிரில் விறைத்திருப்பவர் அகராதியைப் புரட்டப் போவதில்லை.

உறுப்புகளுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. பக்கவாட்டில் சாய்க்கும் குச்சிகளுக்கு 'விலா எலும்புக் குச்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கூரை வேய்பவர்களிடம் முகட்டுவளை (உச்சிக் கழி), கைமரம் (அதில் சாயும் குச்சி), வரிச்சு (குறுக்கே வைக்கும் மெல்லிய குச்சி) எல்லாம் தயாராக இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் சரிவாக இறக்குவது சாய்ப்பு. பாறை இடுக்கில் தங்குவதற்கு குகையைக் குறிக்கும் மதுரைப் பக்கத்துப் 'புடவு' போதும், கீழக்குயில்குடியின் செட்டிப்புடவு பலர் பார்த்ததுதான். பனியைக் குவித்து, இறுகவிட்டு, உள்ளே குடையும் குவின்சியைக் குடைவரையை ஒட்டிப் 'பனிக்குடைவு' எனலாம். இறுகிய பனியை வெட்டி அடுக்கிக் கட்டும் இக்ளூவிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவும்.

இடம் தேர்வது பற்றிய பகுதியில் ஒரு சொல்லை மட்டும் உடனே மாற்றக் கேட்கிறேன். தலைக்கு மேலே முறிந்து விழக் காத்திருக்கும் காய்ந்த கிளையை ஆங்கிலத்தில் விடோமேக்கர் என்பார்கள்; அதற்கு 'விதவையாக்கி' என்று நேர்பெயர்ப்பு போட்டிருக்கிறோம். படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? 'பட்ட கிளை' என்றால் ஊரில் யாருக்கும் விளங்கும். 'பட்ட கிளைக்கு அடியில் கட்டாதே, வறண்ட ஓடையில் கட்டாதே, குளிர்காற்று தேங்கும் பள்ளத்தில் கட்டாதே' என்று எழுதினால் போதும்.

ஷெல்ட்டர் என்ற பொதுச்சொல்லுக்கு 'ஒதுங்கிடம்' எனக்குச் சம்மதம். புகலிடம் என்றதும் அகதிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். மழைக்கு ஒதுங்குவது எல்லோரும் செய்வது.

பதிவுக்கான வரைவு:

சருகுக்கூடு: ஒருவர் படுக்கும் அளவே உள்ள, தாழ்ந்த ஒதுங்கிடம். முகட்டுவளை மீது கைமரம் சாய்த்து, 2 முதல் 3 அடி கனத்துக்குச் சருகு மூடி, உள்ளேயும் தடிமனாகச் சருகு பரப்பியது. உடல் வெப்பத்தால் மட்டுமே சூடாவது. உள்ளே தீ மூட்டலாகாது.

வாசலை அடைக்கும் சருகு மூட்டைக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. படல், தட்டி இரண்டும் கட்டி நிறுத்தும் கதவுகள். இது உள்ளிருந்து இழுத்துச் செருகுவது. வைக்கோல் திணித்து ஓட்டை அடைப்பதற்கு உங்கள் ஊரில் ஏதாவது பெயர் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.