மறு: இரத்தத்தில் கரப்பானின் கடுமை – குறிப்பானா, சுட்டியா, காட்டியா?

அன்புள்ள குழுவினருக்கு,

குழந்தைகளின் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) பற்றிப் பெற்றோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பயோமார்க்கர்' (நோயின் நிலையை அறிய இரத்தத்தில் அளக்கும் பொருள்) வரும் இடங்களை மட்டும், தமிழ்ச்சொல் முடிவாகாததால், இன்னும் நிரப்பவில்லை. வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> உயிர்ச்சுட்டி என்றே வையுங்கள். அ, இ, உ செய்கிற வேலைதான் இதற்கும்.

இலக்கணத்தில் குறையில்லை, ஐயா. ஆனால் குழந்தைகளைப் பற்றிய கையேட்டில் 'சுட்டி' என்றால் துறுதுறுப்பான பிள்ளைதான் நினைவுக்கு வரும்.

> குறிப்பான் வேண்டாம். ஆன் ஆண்பால் விகுதி.

அப்படியானால் கரப்பானை என்ன செய்வது? அதுவும் 'ஆன்' என்றுதானே முடிகிறது! கரத்தல் என்றால் ஒளிதல், ஒளிந்து ஒளிந்து வருவதால் கரப்பான் என்கிறார் ஒருவர். கரகரப்பான தோலால் வந்த பெயர் என்கிறார் இன்னொருவர். பேச்சு கரப்பான் பூச்சிவரை போய்விட்டது. எனக்கு ஒளிதல்தான் பிடித்திருக்கிறது. முழங்கை மடிப்பில் ஆறிவிட்டது போலிருந்து மறுபடி கிளம்பும் நோய் அது. ஆனால் பிடித்திருப்பதாலேயே ஒரு சொற்பிறப்பு சரியாகிவிடாது.

குறிப்பானில் எனக்குள்ள தயக்கம் வேறு. குறிகுணம் என்றாலே அரிப்பு, சிவப்பு, நீர்க்கசிவு என்று உடலில் தெரிபவைதான். இரத்தத்தில் அளப்பதற்கும் 'குறி' வந்தால் படிப்பவர் குழம்புவார்.

> ஐஜிஇ, டார்க் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

டாக்டர், இந்த இழையில் எனக்கு மிகவும் பயன்பட்ட மடல் உங்களுடையது. ஐஜிஇ (IgE) ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதம்; அது கூடியிருந்தால் ஒவ்வாமைப் போக்கு தெரியும். இன்று தோல் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை அதை வைத்து நம்பிச் சொல்ல முடியாது. டார்க் (TARC) அழற்சி அணுக்களைத் தோலுக்கு அழைக்கும் புரதம். நோய் முற்றினால் ஏறும், மருந்தில் தணிந்தால் இறங்கும். ஜப்பானில் இதை வழக்கமான சோதனையாகவே செய்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு இது இயல்பிலேயே கூடுதல், வளர வளரக் குறையும். வயது பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் வீண் பயம்தான். கரப்பானின் கடுமையை மருத்துவர் கணிக்கும் ஸ்கோராட் மதிப்பெண் 0 முதல் 103 வரை போகிறது. அதில் அரிப்பும் தூக்கக் கெடுதலும் பெற்றோர் சொல்லித்தான் தெரியவேண்டும். இரத்த அளவு அதற்குத் துணை, மாற்று அல்ல.

ஆகவே டார்க் போன்றவற்றுக்கு என் பரிந்துரை 'கடுமைகாட்டி'. நோயின் பெயரைச் சொல்வதில்லை, அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டுகிறது. ஐஜிஇ-க்கு இந்தச் சொல்லைப் போடமாட்டேன். நடுவில் க் வராது: கடுமையைக் காட்டுவது என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை, வழிகாட்டி, கதைசொல்லி போல.

> இரத்தம் எதற்கு? குருதி இருக்கிறதே.

இருக்கிறது, எனக்கும் பிடித்த சொல். ஆனால் இரவெல்லாம் சொறிந்து அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு இது. இரத்தமே இருக்கட்டும்.

இதுவரை காட்டிக்கு ஆதரவு கொஞ்சம் கூடுதல். 'குறிப்பான் பழகிவிட்டது, புதுச்சொல்லைத் திணிக்காதீர்கள்' என்று குழுவில் எழுதிய அம்மாவின் மறுப்பு அப்படியே நிற்கிறது; அவரை மாற்றும் வாதம் என்னிடம் இல்லை. முதல்முறை வருமிடத்தில் பயோமார்க்கர் என்றும் சேர்த்துப் போடுகிறேன்.

அப்புறம், டார்க்கை எப்படி எழுதுவது? கருமை என்று நினைத்து, தோல் கறுப்பதற்கான சோதனையா என்று கேட்பார்கள். வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.