யாழ்ப்பாணத்தின் அன்றாட வாழ்வைப் படமெடுக்கும்போது போரை எங்கே வைப்பது?

கொக்குவிலான்:
வணக்கம். வெளியிலிருந்து வரும் படப்பிடிப்பாளர் பலர் சன்னம் துளைத்த சுவரையும் கூரையற்ற வீட்டையும் வெள்ளைச் சேலை உடுத்த கைம்பெண்ணையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். போர் முடிந்தது 2009இல். அதன் பின் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ரியூசன் விட்டதும் பலாலி வீதியை அடைத்துக்கொண்டு சைக்கிளில் வரும் அந்தப் பிள்ளைகளை வெளிநாட்டு இதழ் எதிலும் நான் கண்டதில்லை. அன்றாட வாழ்வை மட்டும் தொடர்ந்து எடுத்து இன்ஸ்ரகிராமில் வெளியிட விரும்புகிறேன். ஆனால் போரை ஒதுக்கிவிட்டால், இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பவர்களுக்குத் துணைபோனதாகிவிடுமோ என்று தயங்குகிறேன். உங்கள் கருத்து என்ன?

பாசையூர் வாசகன்:
தம்பி, நீங்கள் நினைப்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2012இல் பீற்றர் டிகாம்போ, ஒஸ்ரின் மெரில் என்ற இரு அமெரிக்கர்கள் மோதலுக்குப் பிந்திய நிலைமையைப் பதிவுசெய்ய ஐவரி கோஸ்ற்றுக்குப் போனார்கள். தேடிப்போன செய்தியைவிடத் தம்மைச் சுற்றி நடந்த சாதாரண வாழ்க்கையே அந்த நாட்டை உண்மையாகக் காட்டுகிறது என்று கண்டு, அதைக் கைத்தொலைபேசியிலேயே எடுக்கத் தொடங்கினார்கள். 'எவ்ரிடே ஆபிரிக்கா' என்ற இணையப் படத் திட்டம் அப்படித்தான் பிறந்தது. பின்னர் ஆபிரிக்கப் படப்பிடிப்பாளர்கள் பலர் தத்தம் ஊர்களிலிருந்து அதில் இணைந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அதற்குப் பெறுமதி வந்தது அதன் பிறகுதான்.

ஆனால் வெளியாருக்கு மறுப்புச் சொல்வதற்காக மட்டும் எடுக்காதீர்கள். மாலி நாட்டின் மலிக் சிடிபே, சுதந்திரத்துக்குப் பிந்திய 1960களில் பமாகோ இளைஞர்கள் ஆடிய நடன விருந்துகளை எடுத்தார். ஐரோப்பியரின் எண்ணத்தைத் திருத்துவது அவர் வேலையாக இருக்கவில்லை. படத்தில் இருந்த இளைஞர்களே அவற்றின் பிரதிகளை வாங்கினார்கள். பார்க்கப்போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றால், எதை எடுப்பது என்ற தெரிவே மாறிவிடும். வெள்ளத்தையும் வறுமையையும் கொண்டே உலகம் அறிந்த வங்காளதேசத்தில், ஷஹிதுல் அலம் 1989இல் 'திரிக்' என்ற பட முகவரகத்தையும் 1998இல் 'பாட்சாலா' என்ற பயிற்சிப் பள்ளியையும் தொடங்கியதால், அந்நாட்டை அந்நாட்டவரே படமெடுத்து உலகுக்கு வழங்கும் வழி பிறந்தது. ஒருவர் கணக்கோடு நில்லாமல் நாலைந்து பேரைச் சேர்த்துப் பழக்குங்கள்.

அரியாலை அக்கா:
போரையும் அன்றாடத்தையும் இரண்டு பெட்டியில் போட வேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் முன்சுவரில் சன்னத் துளைகளைச் சீமெந்தால் அடைத்திருக்கிறார்கள். மேலே வர்ணம் பூசவில்லை. அந்தச் சாம்பல் திட்டுகளின் மேலே கோயில் நாட்காட்டி தொங்குகிறது, கீழே பிள்ளையின் சைக்கிள் சாத்தியிருக்கிறது. துளையை மட்டும் நெருங்கி எடுப்பவர் சைக்கிளை வெட்டிவிடுகிறார். நீங்கள் இரண்டடி பின்னால் வந்து எடுங்கள், திட்டையும் மறைக்காதீர்கள்.

படக்குறிப்பையும் கவனமாக எழுதுங்கள். மயிலிட்டித் துறைமுகத்தில் வலை பொத்தும் ஒருவரை எடுத்தால், பார்ப்பவருக்கு அது எந்தக் கடற்கரையிலும் காணக்கூடிய காட்சி. 1990இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களுக்கு அத்துறைமுகம் 2017இல்தான் மீண்டும் கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்தால், அவர் அங்கே இருந்து வேலை செய்வதே செய்தியாகிவிடுகிறது. இடிபாடு ஒன்றும் தேவையில்லை.

சுன்னாகம் சந்தையடி:
மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நல்லூர்த் தேர், பனங்கூடல், பண்ணையில் சூரியன் மறைவது என்று அழகை மட்டும் அடுக்கினால் அதுவும் சுற்றுலாச் சுவரொட்டியாகத்தான் முடியும். சந்தையில் வெங்காய விலை விழுந்த நாளில் கமக்காரர் மூட்டையை விற்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று நிற்பதையும் எடுங்கள். எடுக்குமுன் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். எடுத்தால் ஒரு பிரதியை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். அடுத்த முறை கமராவோடு போகும்போது அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள்.