மறுமொழி: ‘சிதையாச் சோதனை’யா, ‘உடைக்காச் சோதனை’யா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மாத்திரையை உடைக்காமலே அதன் உறுதியை அறியும் முறைக்கு (non-destructive testing) எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற பேச்சில், ‘சிதையாச் சோதனை’ என்ற சொல்லை நம் குழுவின் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். கேட்க அழகாக இருக்கிறது; ஆனால் மருந்தாக்கத்தில் அது பொருளைப் புரட்டிவிடும். ‘சிதைவு’ எங்களுக்கு வேறு வேலைக்கு வேண்டிய சொல். உறையிடாத மாத்திரை 37 பாகை செல்சியஸ் நீரில் 15 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும். எங்கள் சேலத்து மரவள்ளிக் கிழங்கு மாவு போன்ற ஸ்டார்ச்சைச் சேர்ப்பதே, அது நீரை உறிஞ்சி உப்பி மாத்திரையைச் சிதைக்கட்டும் என்றுதான். ‘சிதையா’ என்று தாளில் கண்டால் என் மாணவர்கள் அந்த மாத்திரையைத் தேறாதது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதற்கு மாற்றாகச் சொல்லக்கூடிய ‘அழிவில்லாச் சோதனை’யோ சோதனைக்கே அழிவில்லை என்பதுபோல் ஒலிக்கிறது.

என் பரிந்துரை ‘உடைக்காச் சோதனை’. ‘உடையா’ வேண்டாம். மாத்திரை தற்செயலாகத் தப்பவில்லை. சோதிப்பவர் அதை உடைக்காமல் விடுகிறார்.

இதற்கு இணையாக இன்னொரு சொல்லையும் திருத்த வேண்டும். ‘கடினத்தன்மை’ என்று நாம் எழுதிவருவது கடினத்தன்மையே அல்ல. இரு தாடைகளுக்கு நடுவே மாத்திரையை வைத்துத் திருகத் திருக, விட்டத்தின் வழியே ‘டக்’கென்று இரண்டாகப் பிளக்கும். அந்தக் கணத்து விசையைத்தான் குறித்துக்கொள்கிறோம். ஆகவே அது ‘உடைவிசை’.

உடைத்துப் பார்த்த மாத்திரை குப்பைக்குப் போகிறது. அட்டையில் இருக்கும் மாத்திரையைப் பற்றி ஊகம்தான் மிஞ்சுகிறது. பொங்கலுக்குப் பானை வாங்கும்போது என் அத்தை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ‘ணங்’ என்றால் எடுப்பார்; ‘டப்’ என்றால் விரிசல் என்று வைத்துவிடுவார். காதுக்கு எட்டாத உயர் ஒலியை மாத்திரைக்குள் செலுத்தும் மீயொலிச் சோதனையும் அதே வழிதான். மாத்திரையின் தடிமனை ஒலி கடக்கும் நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்; அடர்த்தியும் தெரிந்தால் மீட்சிக் குணகத்தை, அதாவது விறைப்பின் அளவை, கணக்கிடலாம். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி தளர்ந்து வரும். ஆனால் இது நேரடியாகச் சொல்வது விறைப்பை மட்டுமே. உறுதியை அறிய, அதே வகை மாத்திரைகள் சிலவற்றை உடைத்து ஒப்பிட்டாக வேண்டும். அதனால்தான் ‘உடைக்காச் சோதனை’, ‘உடைவிசை’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வேரில் நிற்கட்டும் என்கிறேன்.

ஒன்று பாக்கி. தூளை அழுத்திச் செய்த மாத்திரையின் மேற்பகுதி தொப்பிபோல் கழன்றுவிடும் குறைக்கு ‘மூடிகழலல்’ என்று எழுதிவருகிறேன், மனம் ஒப்பவில்லை. சுட்ட மண் ஏடு ஏடாகப் பெயர்வதற்குக் குயவர்கள் வழங்கும் சொல் யாருக்கேனும் தெரிந்தால் எழுதுங்கள்.