கல் இல்லாத காவிரி டெல்டாவில் பழைய சமாதி, தாழி, பள்ளிப்படை: நீங்கள் பார்த்தது?

வண்டல்காரன்:
தருமபுரி, செங்கம் பக்கம் போனால் வரப்போரமே செத்த வீரர்களுக்கு நட்ட நடுகல் நிற்கும். நமக்கு அம்மிக்கல்கூட வெளியூரிலிருந்து வர வேண்டும், அதனால் இங்கே செத்தவர்களுக்கு யாரும் எதுவும் எழுப்பவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மணிமேகலையில் புகார், அதாவது காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாடு வரும் இடத்தைப் படியுங்கள். சுடுவோர், சும்மா போட்டுவிட்டுப் போவோர், குழியில் புதைப்போர், தாழி என்ற பெரிய பானையில் கவிப்போர் என்று வரிசையாக வரும், அதோடு முனிவர்களுக்கும் அரசர்களுக்கும் கணவனோடு மாய்ந்த பெண்களுக்கும் சுட்ட செங்கல்லில் குட்டையும் நெட்டையுமாகக் கோட்டங்கள். வெள்ளம் போக மிச்சத்தை ஊர்க்காரர்கள் பெயர்த்துச் சுவர் வைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

திடல்வாசி:
சித்தப்பா திடலில் ஜேசிபி இறங்கியபோது பெரிய பானை வாய் ஒன்று உடைந்து வந்தது. ஓடு விரல் தடிமன், கழுத்துக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி ஓட்டிய பட்டை, அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்தால் அப்படியே பொருந்துகிறது! உள்ளே கறுப்பு சிவப்புக் கிண்ணச் சில்லுகள். அப்பாயி “தாழிடா, தொடாதே, தலை முழுகிட்டு வா” என்று ஒரே சத்தம். வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு வேலையை நிறுத்தினோம். புறநானூறு 256இல் கணவனை இழந்தவள் குயவனிடம் எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனை என்று கேட்பாளே, அது அன்றைக்குத்தான் உறைத்தது.

குடமுருட்டிக்கரை:
பட்டீஸ்வரம் பக்கம் ராமநாதன் கோயில் என்று கேட்டுப் போங்கள். ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிமேல் எழுப்பிய கோயில். இத்தனைக்கும் அவர் பெற்ற தாய்கூட இல்லை, சிற்றன்னை. முழுக்கக் கல். நான் விசாரித்த பெரியவர் “சமாதின்னு சொல்லாதீங்க தம்பி, கூட்டம் வராது” என்றார்.

குவைத் மாப்பிள்ளை:
எகிப்து டூரில் சக்காரா பார்த்தேன். அங்கேயும் ஆரம்பத்தில் பெரிய மனிதர்களுக்குப் பச்சைச் செங்கல்லில் திண்ணை மாதிரி சமாதிதான். கி.மு. 2650 வாக்கில் ஜோசர் மன்னனுக்கு அதையே கல்லில் கட்டி, மேலே மேலே ஏற்றி ஆறு படியாக்கிவிட்டார்கள், பிரமிடுக்கு அதுதான் தொடக்கம். நைல்காரனுக்குச் சுண்ணாம்புக்கல் மலை கிட்டேயே இருக்கிறது, மழையும் கிடையாது. நமக்குக் கருங்கல்லுக்குத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும்.

சரி திடல்வாசி, அந்த ஓட்டைப் படம் எடுத்தீர்களா? இருந்தால் போடுங்கள்.