அண்ணனின் குடி: வேன் அனுப்பும் ஹோமை நம்பலாமா? (சாத்தூர் பக்கம்)

சாத்தூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு வயசு 36, சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல மெஷின் ஓட்டுறான். முன்னாடி சனிக்கிழமை சம்பளம் வாங்கினா மட்டும்தான் குடிப்பான். இப்போ காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடியே கொஞ்சம் உள்ள போனாத்தான் கை நடுக்கம் நிக்குது. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும்னு ராத்திரியே ஒரு குவார்ட்டரை வாங்கி வண்டி டேங்க் கவர்ல ஒளிச்சு வச்சுக்கிறான். அண்ணி பிள்ளைகளைக் கூட்டிட்டு கோவில்பட்டிக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க.

குடியை நிறுத்த வைக்கிற ஒரு ஹோம்ல (போதை மீட்பு மையம்) விசாரிச்சோம். மாசம் 18,000 ரூபாய், மூணு மாசம் இருக்கணும். வேன்ல நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போவாங்களாம். முதல் மாசம் பாக்கவும் கூடாது, பேசவும் கூடாதுன்னாங்க. அம்மா என்னடான்னா குடியை நிறுத்தும்னு வாட்ஸ்அப்ல வந்த பவுடரை, "அவனுக்குத் தெரியாம குழம்புல கலந்துடலாம்"னு ஆர்டர் போடச் சொல்றாங்க. எங்க பக்கம் நல்ல இடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாரிகணேஷ்:

ஹோம் எல்லாம் காசுக்குக் கேடு. எங்க மச்சான் ஐயப்பனுக்கு மாலை போட்டார், அதோட விட்டுட்டார். கயிறு கட்டுற கோயிலும் இருக்கு. நாளைக்கே மாலை போடச் சொல்லுங்க.

வார்டு சிஸ்டர் (ஓய்வு):

மாலை போட்டு விட்டவங்களை நானும் பாத்திருக்கேன். சாமி நம்பிக்கையை நான் குறை சொல்லலை. ஆனா காலையில கை நடுங்குற ஆளுக்கு, "நாளையில இருந்து ஒரு சொட்டு கிடையாது"ங்கிறது ஆபத்து தாயி. ஒவ்வொரு கார்த்திகைக்கும் எங்க வார்டுக்கு மாலையோட ஒருத்தராவது வந்துடுவார். தினமும் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா சில மணி நேரத்துல வேர்வையும் நடுக்கமும் வரும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு, மூணு நாள் கழிச்சு சிலருக்கு நேரம், இடம் தெரியாது. சுவர்ல பூச்சி ஊருதும்பாங்க, இல்லாத ஆளோட பேசுவாங்க. வீட்ல பேய் பிடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. கவனிக்காம விட்டா உயிரே போகும். அதனால மருந்து இல்லாம வீட்ல வச்சு நிறுத்த வேண்டாம்.

பவுடரை மொதல்ல தூரப் போடச் சொல்லுங்க. டைசல்பிரம்னு ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் இறங்கிடும். டாக்டர் அதை ரத்தம், இதயம் எல்லாம் பாத்துட்டு, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோட கொடுக்குற மருந்து. பொட்டலத்துல அது இருக்கா, வேற என்ன இருக்குன்னே தெரியாததைக் குழம்புல கலந்து, அவர் வழக்கம்போல மதியம் கடைக்குப் போனா என்ன ஆகும்?

இன்னொண்ணு, யாரும் கேக்காமலே சொல்றேன். தெம்புக்குன்னு தெருமுனை கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்திட்டு வராதீங்க. நெடுநாள் குடிச்சவங்களுக்கு உடம்புல பி1 வைட்டமின், அதாவது தயமின், வத்திப்போயிருக்கும். அதைக் கொடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா மூளைக்கே கேடு வரலாம்.

ஹோம் விஷயம். 2017 மனநலச் சட்டத்தின்படி இந்த மாதிரி மையங்கள் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், ராத்திரி வலிப்பு வந்தா யார் பாப்பாங்கன்னு கேளுங்க. சம்மதம் இல்லாத ஆளைச் சேர்க்கணும்னா டாக்டர்கள் பரிசோதிச்சு, சட்டம் சொல்ற காரணம் இருந்தாத்தான் முடியும். நாலு பேர் வந்து தூக்குறதுக்குப் பேரு சிகிச்சை இல்லை. சங்கிலி போடுறதை அந்தச் சட்டம் அடியோட தடை பண்ணியிருக்கு. நம்ம பக்கத்து மாவட்டம் ஏர்வாடியில மனநோயாளிகளை வச்சிருந்த ஒரு காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடிச்சப்போ, கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் போனாங்க. பாக்கவே விடமாட்டோம்னு சொல்ற இடத்துல எனக்கு அந்த ஞாபகம்தான் வருது.

பக்கத்துல இடம் கேட்டீங்க. விருதுநகர்லயே 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க மனநலப் பிரிவுக்குப் போங்க. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியும் தூரமில்லை. கவர்மென்ட்ல சீட்டுக்குக் காசு கிடையாது. வாரம், பத்து நாள் வார்டுல வச்சு நடுக்கம், தூக்கமின்மைக்கு மாத்திரை கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க. அது உடம்பைத் தேத்துற கட்டம்தான், அதுக்கப்புறம் மாசக்கணக்குல வந்து காட்டணும். பாதிப் பேர் நழுவிப் போறது அங்கதான்.

சாத்தூர்க்காரி:

ரொம்ப நன்றி சிஸ்டர். ஆனா மனநலப் பிரிவுன்னு சொன்னாலே "நான் என்ன பைத்தியமா"ன்னு சட்டியைத் தூக்கி எறிவான்.

வார்டு சிஸ்டர் (ஓய்வு):

குடியைப் பத்திப் பேச்சை எடுக்காதீங்க. கை நடுங்குது, தூக்கமில்ல, சோறு இறங்கலைன்னு அவரே சொல்லுவார்ல, அதைக் காட்டலாம்னு கூப்பிடுங்க. ராத்திரி போதையில பேசிப் பிரயோஜனமில்லை. வர்ற அன்னைக்கு, "குடிக்காம வா"ன்னு கட்டாயப்படுத்தவும் வேண்டாம். கடைசியா எப்போ, எவ்வளவு குடிச்சார்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொன்னாப் போதும். வரவே மாட்டேன்னா நீங்க மட்டும் போன்ல பேசுங்க: போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. 14416ல ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். வலிப்போ, ஆள் அடையாளம் தெரியாத பேச்சோ வந்தா மட்டும் யோசிக்காம 108.

மதுரை லதா:

என் வீட்டுக்காரர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போறார். கட்டணம் கிடையாது, ஊர் பேர் கேக்க மாட்டாங்க. குடிச்சு மீண்டவங்களே உக்காந்து பேசுவாங்க. முதல் தடவை போயிட்டு வந்து, "அங்க ஒருத்தன் என் கதையை எனக்கு முன்னாடியே சொல்லிட்டான்யா"ன்னு சிரிச்சார். குடும்பத்துக்காரங்களுக்குத் தனியா அல்-அனான்னு இருக்கு. உங்க அண்ணியைப் போகச் சொல்லுங்க, அண்ணன் விட்டாலும் விடாட்டியும். அப்புறம் அவர் கடனை நீங்க அடைக்காதீங்க. வேலைக்கு வராததுக்கு முதலாளிகிட்ட நீங்க பொய் சொல்லாதீங்க.

சாத்தூர்க்காரி:

வயித்துவலிக்குக் காட்டலாம்னு கேட்டேன், வியாழக்கிழமை வர்றேன்னு தலையாட்டியிருக்கான். ஹோம்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

வார்டு சிஸ்டர் (ஓய்வு):

ஆதார், பழைய மருந்துச் சீட்டு, சுகர் பிரஷர் மாத்திரை இருந்தா அதுவும். கூட ஒரு ஆம்பளை வரட்டும், ஆண்கள் வார்டுல ராத்திரி துணைக்கு இருக்கணும்னு சொன்னாலும் சொல்லுவாங்க. காலையில சீக்கிரமே போயிடுங்க.