புதுப்பிப்பு: அனரோபிக் ஜாடியில் நீலம் போகாத பிரச்சினை தீர்ந்தது

அனரோபிக் ஜாடி என்பது ஆக்சிஜன் இல்லாமல் கிருமிகளை வளர்க்கும் மூடிய ஜாடி. அதில் ஹைட்ரஜன் விடும் பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தும், ஆக்சிஜன் போனால் வெளுக்க வேண்டிய மெத்திலீன் புளூ பட்டை நீலமாகவே இருக்கிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) துடைத்து கிரீஸ் தடவினேன், பலனில்லை. "பல்லேடியம் குருணையைச் சூடாக்கிப் பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேரவைக்கும் வினையூக்கி அந்தக் குருணைதான். கம்பிவலைக் கூட்டோடு ஹாட் ஏர் ஓவனில் 160 டிகிரியில் 2 மணி நேரம். ஆறவைத்துப் போட்டதும் சற்று நேரத்தில் மூடி இளஞ்சூடு, உள்சுவரில் நீர்த்துளி. ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது என்று அர்த்தம். காலையில் பட்டை வெள்ளை!

எதிர்பாராதது: நாலாவது முறை மறுபடி நீலம். ஹைட்ரஜன் சல்பைடு வாயு விடும் கிருமி கல்ச்சர் உள்ளே இருந்தது. அழுகிய முட்டை நாற்றத்தை நான்தான் கண்டுகொள்ளவில்லை. அந்த வாயு வினையூக்கியை முடக்கிவிடும். இப்போது இரண்டு செட் குருணை வைத்து மாற்றி மாற்றிச் சூடாக்குகிறேன்.