மடித்துக் கட்டிய இரட்டைச் சடை கட்டாயமா?

கொடைரோடு_அம்மா:
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு அடர்ந்த சுருட்டை முடி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததால் ஒற்றைச் சடை பின்னி அனுப்பினேன். முதல் பாடவேளை முழுவதும் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். ஈரத்தலையை இரண்டாகப் பிரித்து, இறுக்கிப் பின்னி, காதோரம் மடித்து ரிப்பன் கட்டினால் சாயங்காலம் அவிழ்க்கும்போது வீச்சம் அடிக்கிறது. யாருக்காக இந்த விதி?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
அம்மா, ஒற்றைச் சடையில் ஆரம்பிக்கும். அடுத்த வாரம் கிளிப், அதற்கடுத்த வாரம் கல் வைத்த கிளிப். வாங்க முடியாத பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ரிப்பன் எல்லோருக்கும் ஒன்றுதான். பேனும் பரவாது. அடையாளங்களை வைத்துச் சாதி காட்டுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளி மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் என்ன சொன்னது?

கொடைரோடு_அம்மா:
வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் கூடாது என்றது. ஒற்றைச் சடையில் எந்தச் சாதி தெரிகிறது ஐயா? பேன் பரவுவது தலையோடு தலை ஒட்டுவதால். ஒற்றைச் சடையும் பின்னிய முடிதானே!

சலூன்_அண்ணன்:
பையன்களை மறந்துவிட்டீர்கள். ஞாயிறு மாலை “காதுக்கு மேலே கோடு போடுங்கள் அண்ணா” என்றவனே, திங்கள் காலை அப்பாவோடு வந்து “ஒட்ட வெட்டுங்கள்” என்கிறான். இரண்டு முறை கூலி கொடுக்கும் அப்பா முறைப்பது என்னைத்தான். விதி இருக்கட்டும், எத்தனை விரற்கடை என்று எழுதி ஒட்டுங்கள். இப்போது ஆசிரியருக்கு ஆசிரியர் ஓர் அளவு.

மதுக்கரை_தந்தை:
ஏழாம் வகுப்பில் என் மகன் தலையில் ஆசிரியரே கத்தரி வைத்தார். காலை வழிபாட்டில், எல்லோர் முன்னிலையிலும், ஒரு பக்கம் மட்டும். இரண்டு நாள் அவன் வீட்டிலும் தொப்பியைக் கழற்றவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஒழுங்கு பேசுகிறவர்கள் அதையும் படிக்கட்டும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
கத்தரி வைத்தது தவறு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பாடவேளை முழுவதும் வெளியே நிறுத்தியதும் அதிகம்தான். தலைக்குக் குளித்த நாளில் விலக்குக் கொடுக்கலாம். ஆனால் ரிப்பனை விட மாட்டேன்.

கொடைரோடு_அம்மா:
ரிப்பனை யார் விடச் சொன்னது? மடிப்பைத்தான் சொல்கிறேன்.